ஏழு மில்லிமீட்டர்

நடந்தது பட்டப்பகலில்தான். புதுக் கட்டடத்தின் மாடியில் தண்ணீர்த் தொட்டி. அதைத் தாங்க ஓர் இரும்பு உத்திரம். தொட்டி நிரம்பினாலும் உத்திரம் ஆறு மில்லிமீட்டர்தான் வளையும் என்றது தலைமைப் பொறியாளர் கனகசபாபதியின் கம்ப்யூட்டர். படம் வரையும் பேச்சியம்மாள் கையால் போட்ட கணக்கில் முப்பது வந்தது.

"உன் கணக்கு தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"போடறேன் சார். தொட்டி நிரம்பற வரைக்கும் இதைப் பிடிச்சுக்கோங்க."

கீழே காலிக் கூடத்தில், உத்திரத்துக்கு நேராக ஒரு கம்பை நிறுத்தி அவரிடம் கொடுத்தாள். அதன் உச்சியில் தன் கண்ணாடி வளையலை வைத்தாள். வளையலுக்கு மேலே ஏழு மில்லிமீட்டர் இடைவெளி.

மோட்டார் ஓடியது. கூடத்தில் யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம். இடைவெளி மெல்ல மெல்லக் காணாமல் போனது. கால் தொட்டி நிரம்பும்போது வளையல் நொறுங்கி அவர் தலையில் உதிர்ந்தது.

"மோட்டாரை நிறுத்து" என்றார்.

"உத்திரம் சுவர்மேல சும்மா உட்கார்ந்திருக்கு சார். ரெண்டு முனையையும் சுவர் இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டீங்க. அதான் அஞ்சு மடங்கு வித்தியாசம்." பேனாவைத் திறந்தாள். "கையெழுத்து எங்க சார் போடணும்?"

அவரோ தொட்டியையே தாங்குவதுபோல் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.