இலையில் குவிந்த உப்பு

செங்குளம் ஜமீனின் விருந்தினர் மாளிகைக்கு வெள்ளைக்காரத் துரைமார் அடிக்கடி வருவர். அங்கே சமையல் செய்தவன் மாசிலாமணி. அவ்விடத்தில் தம் மைத்துனனை அமர்த்த விரும்பிய திவான் உத்தண்டராயர், ஜமீன்தாரின் முன்னிலையில் மாசிலாமணியை மடக்கினார்.

"அடே, துரைமாருக்குச் சமைப்பவனுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாமா? 'டேக்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு எத்தனையோ பொருள் உண்டு. அத்தனையையும் இப்போதே ஒப்புவி. தவறினால் நாளை முதல் இந்த அடுப்படியில் உனக்கு வேலையில்லை!"

"பந்தியிலே சொல்கிறேன், ஐயா" என்றான் மாசிலாமணி.

பந்தி தொடங்கிற்று. இலையின் ஓரத்தில் சிட்டிகை உப்பு வைப்பதே வழக்கம். திவானின் இலையிலோ அவன் உப்பைக் குன்றெனக் குவித்தான்.

"என்னடா இது, பித்துப் பிடித்ததா?"

"குழம்பு, ரசம், பொரியல் அனைத்துக்கும் உரிய உப்பு இதுதான், ஐயா. முதலில் இதை உண்டு முடித்துவிடுங்கள். மற்றவை பின்னால் வரும்."

"வெறும் உப்பை எவனடா தின்பான்?"

"அந்த 'டேக்' என்னும் சொல்லும் அப்படித்தானே, ஐயா! துரை அதைக் குளியலோடு சேர்த்துச் சொன்னால் வெந்நீர் வைக்கிறேன். மருந்தோடு சொன்னால் தண்ணீர் கொடுக்கிறேன். புகைப்படத்தோடு சொன்னால் விலகி நிற்கிறேன். தனியாக விழுங்கச் சொன்னால் எனக்கும் தொண்டையில் இறங்காது."

ஜமீன்தார் உண்ட கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு மொழியின் சூட்சுமத்தையே இலையில் பரிமாறிவிட்டாயே, அப்பா! அடுப்படி உன்னுடையதுதான். திவானுக்கு வேறு இலை போடு, பாவம், பசியோடிருக்கிறார்."