கொல்லிமலை பஸ்ஸின் நெற்றிப் பெயர்

விடை தெரிந்தும் வாயைத் திறக்காதவர்களுக்கு நான் தண்டனை எதுவும் வைப்பதில்லை. ஆனால் பாதிக் கதையிலேயே தீர்ப்புச் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாமக்கல்லில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி நாச்சிமுத்து. டீசல் வண்டி வேலை குறைந்துகொண்டே வர, மனுஷர் துணிந்து ஒரு மின்சார பஸ் கட்டினார். கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறிக் காட்டினால் ஆறு பஸ் வாங்கிக்கொள்வதாக மலை விவசாயிகள் சங்கம் சொல்லியிருந்தது. அது கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். நாற்பது குடும்பங்களின் சோறு அந்த ஒரே ஓட்டத்தில் இருந்தது.

பஸ்ஸில் ஓடுவது அறுநூறு வோல்ட். எங்காவது கேபிள் பிய்ந்து ஒன்றோடொன்று உரசினால் தீதான். அதைத் தடுக்க ஒரு ஃபியூஸ் வேண்டும். வீட்டு ஃபியூஸ் மாதிரி அல்ல. உள்ளங்கை நீளக் குழாய், உள்ளே வெள்ளிப் பட்டை, சுற்றிலும் மணல். பட்டை உருகி அறும்போது கிளம்பும் நெருப்பை மணல் விழுங்கிவிடும். நாலு மாதம் அலைந்து அதைத் தேடிப் பிடித்தவர் வடிவமைப்பாளர் குணசீலன். ஐந்துதான் கிடைத்தன. அடுத்த சரக்கு வர ஒரு மாதமாகும்.

அந்த ஐந்தில் நாலைச் சோதனைப் பிரிவு ஜெசிந்தா எரித்துவிட்டார்.

முதலாவதைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, அளவுக்கு மீறி மின்சாரம் விட்டு எரித்தார். கச்சிதமாக அறுந்தது. "போதுங்க மேடம், நல்லாத்தான் இருக்குது" என்றார் குணசீலன். ஜெசிந்தா கேட்கிற ஆளா? இரண்டாவதை நாள் முழுக்கக் குலுக்கிவிட்டு எரித்தார். அதுவும் அறுந்தது. மூன்றாவதை பஸ்ஸில் அது உட்காரப்போகும் இடத்திலேயே, மோட்டாரின் சூடு படும்படி வைத்து, மலையேற எவ்வளவு மின்சாரம் ஓடுமோ அவ்வளவையும் விட்டார். முப்பதாவது வளைவு ஏறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு கோளாறும் இல்லாமல் சும்மாவே அறுந்துபோனது. ஃபியூஸ் பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொல்லி, நாலாவதை அங்கே வைத்துப் பார்த்தார். எழுபது வளைவுக்கும் தாங்கியது. பிறகு எரித்தார், ஒழுங்காக அறுந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதை யார் படித்தார்கள்?

நாச்சிமுத்து கொதித்துப்போனார். "அஞ்சுல நாலைப் பொசுக்கிப்போட்டு வந்து நிக்கிறீங்க. மாத்தறதுக்கு ஒண்ணு இல்லாம வண்டி நின்னுச்சுன்னா, அதுக்கு அடுத்த நாள் நீங்க வேலைக்கு வர வேண்டாங்க."

"சரிங்க" என்றார் ஜெசிந்தா.

ஓட்ட நாளில், மாற்றிய இடத்தில் ஐந்தாவது ஃபியூஸைப் பூட்டிய பஸ்ஸில் சங்கத்து ஆட்கள் முப்பது பேர் ஏறினார்கள். தலைவி வெள்ளையம்மா அன்னாசிக் கூடையோடு முன் சீட்டில். ஓட்டியவர் அங்கமுத்து. நாற்பத்தொன்றாவது வளைவில் துருத்திக்கொண்டிருந்த பாறை வண்டியின் அடியைக் கிழித்தது. கேபிள் பிய்ந்து உரசியது. அதே நொடியில் ஃபியூஸ் அறுந்தது. மோட்டார் செத்தது. பின்னால் சரிவு, அதற்குப் பின்னால் பள்ளம். அங்கமுத்து பிரேக்கை அழுத்தி, வண்டியை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தி, "அவசரப்படாம ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்றார். புகைகூட வரவில்லை.

கூடவே வந்திருந்த ஜெசிந்தா இறங்கி ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். மாற்று ஃபியூஸ் இல்லை. வேலை போயிற்று என்றே நினைத்தார்.

வெள்ளையம்மா குனிந்து பிய்ந்த கேபிளை வெகுநேரம் பார்த்தார். "இந்த அடிக்கு நாங்க இன்னேரம் கரியாயிருக்கோணும். நாப்பது வளைவு ஏறுன வண்டிக்கு மீதி ஏறத் தெரியாதா? ஆறு வேண்டாங்க, எட்டுப் போடுங்க."

அடுத்த மாதம் புது ஃபியூஸோடு அதே பஸ் எழுபதையும் ஏறியது. மேலே தப்பட்டை முழங்கியது, நாச்சிமுத்துவே ஆடினார். ஆடி முடித்ததும், பட்டறையைக் காப்பாற்றியவர் பெயரை இந்த பஸ்ஸின் நெற்றியில் எழுதப்போவதாக அறிவித்தார்.

உடனே பட்டறை மூன்றாகப் பிரிந்தது. "ஃபியூஸைத் தேடிப் புடிச்சது நானுங்க. அந்தம்மா நாலை எரிச்சதால அஞ்சாவதுக்கு வலு கூடிருச்சா? எரிக்காட்டியும் அது அறுந்துதான் இருக்கும்" என்றார் குணசீலன். வண்டி பள்ளத்தில் உருண்டிருந்தால் ஃபியூஸ் அறுந்து என்ன பயன் என்று டிரைவர்கள் அங்கமுத்துவுக்காகப் பேசினார்கள். ஃபிட்டர்கள் ஜெசிந்தா பெயரைச் சொன்னார்கள். ஏன் என்றால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். பஸ்ஸின் நெற்றியில் யார் பெயரை எழுத வேண்டும்? ஏன்?

விடை: ஜெசிந்தா பெயரைத்தான். குணசீலன் தேர்ந்தெடுத்தது நல்ல ஃபியூஸ், சந்தேகமில்லை. ஆனால் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் அது மோட்டார் சூட்டிலேயே முப்பதாவது வளைவுக்குள் அறுந்திருக்கும். மலையேறத் தெரியாத வண்டி என்று வெள்ளையம்மா இறங்கிப் போயிருப்பார். அங்கமுத்துவின் வழக்கை அங்கமுத்துவே முடித்துவைத்தார்: "பிரேக்கை மிதிக்காட்டி நானும்தானுங்க பள்ளத்துல. எனக்காகவும்தான் மிதிச்சேன்." ஆபத்து எதுவும் கண்ணில் படாதபோதே, தன் வேலை போனாலும் போகட்டும் என்று நின்றவர் ஒருவர்தான். பெயர் எழுதிய அன்றே நாற்பது ஃபியூஸ் வந்து இறங்கின. நாச்சிமுத்து பெட்டியைத் தானே சுமந்துபோய் ஜெசிந்தாவின் மேஜைமேல் வைத்து, "உங்களுக்கு வேணுங்கற மட்டும் எரிச்சுட்டு, மிச்சத்தைக் குடுங்க" என்றார்.