மணிக்குத் தெரிந்த பாஷை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நீலப் பாலைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. அவரிடம் ஒரு நீலமணி இருந்தது. கொட்டைப்பாக்கு அளவுதான். கிண்ணத்தில் போட்டால் பால் முழுவதும் நீலமாகிவிடும். ஒருநாள் பேழையைத் திறந்தால், மணியைக் காணவில்லை.

வீடு வீடாகச் சோதனை போட்டும் பயனில்லை. கடைசியில், பால் கொண்டுவரும் ஆவுடைச்சியின்மேல் பழி விழுந்தது.

"மணி அறை வாசல்வரை வரும் வேலைக்காரி இவள் ஒருத்திதான், அரசே" என்றார் பொக்கிஷதார் வரகுணர்.

"இவள் குற்றமற்றவள் என்று நான் நிரூபிக்கிறேன்" என்று எழுந்தான் விகடகவி குழைக்காதன். அவனைக் கண்டாலே வரகுணருக்கு ஆகாது.

"இவன் பேசியே மயக்கிவிடுவான், அரசே. மனிதர் வாக்கு எதற்கு? மணியே சொல்லட்டும்!" என்றார் அவர்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்! நாளைச் சபையில் என் மணியே திருடனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். தவறினால், குழைக்காதா, நீயும் இவளும் நாட்டைவிட்டே போக வேண்டும்."

குழைக்காதன் நேரே அடுக்களை முற்றத்துக்குப் போனான். அழுதுகொண்டிருந்த ஆவுடைச்சியைச் சுற்றி வேலைக்காரர்கள் நின்றார்கள்.

"அழுறதை அப்புறம் வச்சுக்கலாம், ஆவுடைச்சி. மணி போனதிலேர்ந்து யாராவது புதுசா நடந்துக்கறாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"பொக்கிஷதார் வீட்டு அழுக்குல தலைப்பாகையே வர்றதில்லைங்க. முன்னெல்லாம் தினம் ஒண்ணு வரும்" என்றான் சலவைக்கார மூக்கன்.

"விசிறி வீசினா தலையைப் பிடிச்சுக்கறாரு" என்றாள் விசிறிக்காரி பேச்சி.

ஆவுடைச்சி கண்ணைத் துடைத்தாள். "ராஜாவுக்குக்கூடக் குனிஞ்சு கும்பிடறதில்லை. அப்போ... மணி அந்தத் தலைப்பாகையிலயா? ஐயோ, அதுல நாம கை வைக்க முடியுமா?"

"கை எதுக்கு? நாளைக்கு ஒரு அண்டா பால் கொண்டு வா, போதும்."

மறுநாள் சபை நடுவே பால் அண்டா வந்து இறங்கியது.

"அரசே, மணிக்கு மனித பாஷை தெரியாது. அது அறிந்த பாஷை பால் ஒன்றே. சபையோர் தலையில் பால் ஊற்ற உத்தரவு வேண்டும். முதலில் என் தலை" என்றான் குழைக்காதன்.

ராஜா தலையசைத்தார். ஆவுடைச்சி அவன் தலையில் ஊற்றினாள். வெள்ளையாகவே வழிந்தது. சேனாபதி தலையிலும் வெள்ளைதான். வரகுணர் முறை வந்ததும் அவர் பின்வாங்கினார்.

"எனக்கு ஜலதோஷம், அரசே!"

"ஊற்று" என்றார் ராஜா.

ஆவுடைச்சி ஊற்றினாள். தலைப்பாகை பாலைக் குடித்தது. மறுகணம் அதன் மடிப்புகளிலிருந்து நீலம் கசிந்தது. நெற்றியில் இறங்கியது, மீசையில் சொட்டியது, தரையில் விரிந்து ஓடியது. விடியுமுன் வானத்தில் தெரியும் நீலம் அது. நாள்தோறும் பால் சுமந்தும், அறைவாசலோடு திரும்பிவிடும் ஆவுடைச்சி அன்றுதான் அந்த நீலத்தைக் கண்டாள். தன்மேல் விழுந்த பழி, எதிரே நிற்கும் திருடன், எல்லாம் மறந்துபோயிற்று. கைகள் தாமாகவே குவிந்தன.

ராஜாவே இறங்கி வந்து தலைப்பாகையை அவிழ்த்தார். மணி உள்ளங்கையில் விழுந்தது. காவலர்கள் வரகுணரை இழுத்துச் சென்றார்கள்.

"ஆவுடைச்சி, உன்மேல் ஐயப்பட்டது என் பிழை. இனிப் பேழையின் சாவி உன்னிடமே இருக்கட்டும்" என்ற ராஜா திரும்பினார். "குழைக்காதா, உனக்கு என்ன சன்மானம் வேண்டும்?"

"சன்மானம் பிறகு ஆகட்டும், அரசே. முதலில் என் காலை நக்கும் இந்தப் பூனைகளை விரட்டச் சொல்லுங்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து, பால் சொட்டும் அவன் தலையைத் தாமே துவட்டிவிட்டார்.