இஞ்சி நிலாவில் கலங்கள் ஏன் பேசுவதில்லை

அந்தக் காலத்தில் ‘வான்வழி’ விளையாட்டில் எல்லா விண்கலங்களும் பேசும். எல்லா நிலாக்களும் உருண்டை. கணினித் திரையில் கலத்தை ஓட்டிப்போய் ஒரு நிலாவில் இறக்குவதுதான் விளையாட்டு. தரை இன்னும் எவ்வளவு தூரம் என்று கலமே சொல்லிக்கொண்டு வரும். ஓட்டுபவர்கள் அந்தக் குரலை நம்பி, வெளியே பார்க்காமலே இறக்குவார்கள்.

நாகர்கோவிலில் இரண்டு பேர் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். கலங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டு எழுதியவர் சங்கரபாண்டியன். நிலாக்களுக்கு உருவம் கொடுத்தவள் மெர்லின். உருண்டையாக இல்லாத ஒரு சின்ன நிலாவையும் சேர்க்க வேண்டும் என்று மெர்லினுக்கு ஆசை. சின்ன நிலாக்களுக்குத் தங்களைத் திரட்டி உருட்டிக்கொள்ளும் அளவுக்கு ஈர்ப்பு கிடையாது. பல கோணல்மாணலாகத்தான் இருக்கும். நான்கு மாதம் உட்கார்ந்து, ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் ஒடுங்கிய நிலா ஒன்றைச் செய்தாள். இஞ்சித் துண்டு மாதிரி இருந்ததால் இஞ்சி நிலா என்றே பெயர் வைத்தாள்.

முதல் கலத்தை அதில் இறக்கிப் பார்த்தார்கள். “நானூறு மீட்டர்” என்று சொல்லி முடிப்பதற்குள் அது ஒரு மேட்டில் மோதி நொறுங்கியது. மறுபக்கம் இறக்கிய கலமோ, அந்தரத்தில் தொங்கிக்கொண்டே தரையைத் தொட்டாயிற்று என்றது.

சங்கரபாண்டியனுக்குக் காரணம் உடனே விளங்கியது. நிலாவின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்று வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிட்டிருந்தார். அதை மாற்ற மாதக்கணக்காகும். விளையாட்டை மக்களுக்குக் காட்டவிருந்த மதுரைக் கண்காட்சிக்கு மூன்றே நாள் இருந்தது. நிலாவை உருண்டையாக்கு, இல்லையென்றால் எடுத்துவிடு என்றார்.

மெர்லின் இரண்டையும் செய்யவில்லை. அன்று முழுக்க இஞ்சி நிலாவில் இறக்கிக்கொண்டே இருந்தாள். முப்பது கலங்கள் போயின. அடுத்ததில் குரலை விட்டுவிட்டு வெளியே பார்த்தாள். கலத்தின் நிழல் தூரத்திலிருந்து மேடுபள்ளங்களில் ஏறி இறங்கி நெருங்கி வந்தது. அது வந்து கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்ட நொடியில் கலமும் மெல்லத் தரையில் அமர்ந்தது.

“அண்ணே, இந்த நிலாவில மட்டும் கலத்தைப் பேச விட வேண்டாம்” என்றாள்.

“குரல் இல்லாம யாரும் இறக்க மாட்டாங்க. நம்ம பேர் கெட்டுடும்.”

“பொய் சொல்ற குரலுக்குச் சும்மா இருக்கிற குரல் மேல்.”

இஞ்சி நிலாவை நெருங்கினால் கலம் வாயை மூட வேண்டும் என்று அவளே எழுதிச் சேர்த்தாள். கண்காட்சியில் மூன்று பேர் மோதினால் நிலாவை எடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் சங்கரபாண்டியன் ஒப்புக்கொண்டார்.

முதலில் வந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் மோதினார்கள். மூன்றாவதாக உட்கார்ந்தவர் தவசிமுத்து, விடுமுறையில் வந்த பேருந்து ஓட்டுநர். நிழலைப் பார்த்து இறக்குங்கள் என்று மட்டும் மெர்லின் சொன்னாள். அவர் அவசரமே படவில்லை. நிழல் எட்டியிருக்கும்வரை இறக்கினார், கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைத்தார். தூசிகூடக் கிளம்பாமல் கலம் அமர்ந்தது.

“பஸ்ஸைச் சுவரோரம் அணைக்கிறதும் இப்படித்தாம்மா” என்று எழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் சங்கரபாண்டியன் கணக்கைச் சரிசெய்துவிட்டார். இனிக் குரல் பொய் சொல்லாது. ஆனாலும் அங்கே அதைத் திரும்பக் கொண்டுவர ஓட்டுபவர்கள் விடவில்லை. அவருக்கும் மனம் வரவில்லை.

தவசிமுத்து இறங்கிய அன்று முதல்தான், இஞ்சி நிலாவை நெருங்கும் எந்தக் கலமும் பேசுவதில்லை. ஓட்டுபவர்கள் நிழலைப் பார்த்தே இறங்குகிறார்கள்.