அமிர்தம் கட்டிய வீடு

“ஊர் என் மகளைக் கெடுத்துவிட்டது, அம்மையே.”

எண்ணெய் வணிகர் ஏகாம்பரம், மடத்தின் முன்கூடத்தில் அமர்ந்ததும் அமராததுமாகச் சொன்னார்.

தவமணி அம்மை முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் அவர் ஏகாம்பரத்துக்கு இளையவர். ஆயினும் ஏகாம்பரம் அவரையே குருவாகக் கொண்டு, வெள்ளிதோறும் வந்து வணங்கிச் செல்பவர்.

“ஊரில் யார்?”

“யாரென்று சொல்வது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் வசவு. இவளுக்குத் தோழி என்று ஒருத்தி, பொய் மூட்டை. போதாக்குறைக்குத் தோற்பாவைக் கூத்துக்காரர்கள் வந்து, தலை உருளும் கதையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அன்றுமுதல் அமிர்தம் பேசுவதே இல்லை.”

“ஒரு சொல்கூடவா?”

“தலையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை! நகத்தைக் கடித்துக் கடித்து விரலெல்லாம் புண்.”

“அன்றுமுதல்தானா?”

ஏகாம்பரம் சற்றே தயங்கினார்.

“அதற்கு முன்பும் அவள் வாயாடி இல்லை.”

அம்மை ஒரு தண்டை ஒடித்தார்.

“என்ன செய்யப் போகிறீர்கள்?”

“என் தமக்கை வீட்டில் விடப்போகிறேன். தோப்பின் நடுவே தனி வீடு. அக்கம்பக்கம் இல்லை, அரட்டை இல்லை, கூத்து இல்லை. நாளை விடியலில் வண்டி.”

“பெற்றவள்?”

“அழுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்?”

“பிள்ளை எங்கே?”

“வெளியே, வேம்படியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஆசியோடு அனுப்பலாம் என்று அழைத்து வந்தேன். மடத்துப் பிள்ளைகளோடு சேராதே என்றும் சொல்லியிருக்கிறேன். தவறாக எண்ணாதீர்கள்.”

“சொன்னால் கேட்பாளா?”

ஏகாம்பரத்தின் முதுகு நிமிர்ந்தது.

“என் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, அம்மையே.”

அம்மை கீரையில் பாதியை அள்ளி அவர் மடியில் போட்டார்.

“அந்தச் சன்னலருகே உட்கார்ந்து ஆயுங்கள். முடியும்வரை குரல் கொடுக்கக் கூடாது.”

“ஆசி?”

“கீரை முதலில்.”

சன்னலுக்கு வெளியே, மடத்தில் வளரும் பிள்ளைகள் குச்சியால் தரையில் கோடு கிழித்து வீடு கட்டியிருந்தார்கள். மூன்று கல் வைத்த அடுப்பு. கொட்டாங்கச்சியில் மணற்சோறு. அமிர்தம் வேம்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரட்டைத் தலைச் சிறுமி ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் கூவினாள்.

“ஏய், புதுசு! வீட்டுக்கு ஆள் பத்தலை. வர்றியா?”

அமிர்தம் மடத்து வாசலைப் பார்த்தாள். பிறகு ஓரடி வைத்தாள். இன்னோரடி.

ஏகாம்பரம் எழுந்தார்.

“கீரை,” என்றார் அம்மை.

அவர் உட்கார்ந்தார். வெளியே பரட்டைத் தலை கேட்டாள்:

“நீ என்னவா இருக்கே? அத்தையா? பாட்டியா?”

“நான் அப்பா.”

தெளிந்த, சின்னஞ்சிறு குரல். ஏகாம்பரத்தின் கண்கள் கலங்கின.

“பேசுகிறாள்!” என்று முணுமுணுத்தார்.

“கேளுங்கள்,” என்றார் அம்மை.

“எல்லாரும் நான் சொல்றபடி செய்யணும்,” என்றாள் அமிர்தம். “அப்பா வந்தா நீ அடுப்புக்குப் பின்னால போயிடணும். நீ பாடிக்கிட்டிருந்தா நிறுத்திடணும். பாப்பா அழுதா வாயைப் பொத்திடணும்.”

“எதுக்கு?”

“அப்பா வர்றாருல்ல?”

அவள் வேம்படிக்குத் திரும்பிப் போனாள். ஒரு வாழைச் சருகைத் தோளில் போட்டுக்கொண்டாள். கைகளை முதுகில் கட்டியபடி வந்து, கோட்டருகே நின்று, செருமினாள்.

ஏகாம்பரத்தின் விரல்கள் நின்றன.

அது அவருடைய செருமல். வீட்டுத் தலைவன் செருமிவிட்டுத்தான் படியேற வேண்டும், அதுவே மரியாதை என்று அவருடைய தகப்பனார் அவருக்குப் பழக்கியிருந்தார். அந்த ஒலி உள்ளே எப்படிக் கேட்கும் என்பதை அவர் இன்றுதான் அறிந்தார்.

அமிர்தம் கொட்டாங்கச்சியைக் குனிந்து பார்த்தாள்.

“இது சோறா?”

குரலை உயர்த்தவில்லை. கால் நுனியால் தள்ளினாள். மணல் சிதறியது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவே. சிரிப்பு அடங்கிவிட்டது.

“ஐயே, இது நல்லாவே இல்லை,” என்றாள் பரட்டைத் தலை. “எங்க ஆட்டத்துல அப்பா மாங்கா கொண்டு வருவாரு.”

“உங்க அப்பாவா?”

“எனக்கேது அப்பா? ஆட்டத்துல கொண்டு வருவாரு.”

அமிர்தம் சருகைத் தோளிலிருந்து எடுத்தாள்.

“மாங்கா கொண்டு வந்து, என்ன பேசுவாரு?”

“எனக்கென்னடி தெரியும்? உனக்குத்தான் அப்பா இருக்காரே, நீ சொல்லு.”

அமிர்தம் வெகுநேரம் யோசித்தாள். விரல் தானாக வாய்க்குப் போயிற்று.

உள்ளே, ஏகாம்பரத்தின் கையில் கீரை கசங்கியிருந்தது.

“கூத்துக்காரர்கள்மீது பழி போட்டேன்,” என்றார்.

அம்மை கசங்கிய கீரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வண்டி வேண்டாம் என்று யாரிடமாவது சொல்லியனுப்புங்கள், அம்மையே.”

“அனுப்புகிறேன். அங்கே ஆட்டம் நின்றுபோயிருக்கிறது.”

“எனக்கும் தெரியாதே, என்ன பேசுவதென்று.”

“அதையே சொல்லுங்கள்.”

ஏகாம்பரம் வெளியே வந்தார். தொண்டையில் ஏறிய செருமலை விழுங்கிக்கொண்டார். அவரைக் கண்டதும் பிள்ளைகள் சிதறினார்கள். அமிர்தம் வேம்பின் பின்னால் மறைந்தாள்.

அவர் கோட்டுக்கு வெளியே, வெறுந்தரையில் குந்தினார்.

“இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா?”

கடைசியில் பரட்டைத் தலைதான் துணிந்தாள்.

“என்னவா இருப்பீங்க?”

“என்ன மிச்சம் இருக்கிறது?”

“பாப்பாதான் இருக்கு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் சொல்லித் தரணும்.”

“அப்படியானால் அதுதான் நான்.”

பிள்ளைகள் கெக்கலித்தார்கள். “இம்மாம் பெரிய பாப்பா!” என்றான் ஒருவன். ஏகாம்பரம் கோட்டைத் தாண்டி, அடுப்பருகே சம்மணமிட்டு அமர்ந்தார்.

வேம்பின் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது. பிறகு ஒரு தோள்.

அமிர்தம் மெல்ல வந்தாள். சிதறிய மணலைக் கொட்டாங்கச்சியில் கூட்டி அள்ளினாள். ஒரு பிடி எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மணல் விரலிடுக்கில் வழிந்தது.

அமிர்தம் அவர் காதருகே குனிந்தாள்.

“பயப்படாம சாப்பிடு. சிந்தினா நான் திட்ட மாட்டேன்.”