வெள்ளிக்கு ஒரு நிலா

கதை முடிவில் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. முதலில் அங்கே ஓடுகிறவர்கள் கதையைப் படிக்கவே வேண்டாம். போய் அடுப்பைப் பாருங்கள்.

ஒரு மலையுச்சி. அங்கே ஒரு வானாய்வுக்கூடம், அதை ஒட்டி ஒரு வீடு. வீட்டில் ஞானாதிக்கமும் மனைவி ரெஜினாளும். பக்கத்து வீட்டுக்குப் போக ஏழு மைல் இறங்க வேண்டும். அவருக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி. கழற்றினால் தட்டில் இருப்பது இட்லியா எலுமிச்சையா என்றே தெரியாது. அவளுக்கோ எதிர்மலை ஆட்டின் கொம்புகூடத் தெரியும். பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசியது "உப்பு" என்பதைத்தான். சாயங்காலமானால் தொலைநோக்கியிடம் போய்விடுவார்.

ஒரு தை மாதம், வெள்ளிக் கிரகத்தின் பக்கத்தில் சின்னதாக ஒரு நிலாவைக் கண்டார். வெள்ளிக்கு நிலா கிடையாது என்று உலகமே சொல்கிறது. நான்கு நாள் பார்த்தார், இருந்தது. தலைமை அலுவலக விதியோ கறாரானது: இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏற்பார்கள். அந்த மலையில் இன்னொருவர் யார்?

"ரெஜினா, கொஞ்சம் மேலே வா."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். பார்த்தாள். வெள்ளி மட்டும், வெட்டிப்போட்ட நகம் மாதிரி, தனியாக இருந்தது.

"தெரியுதா?" அவர் அவள் தோளருகே குனிந்தார்.

"தெரியுதுங்க." தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்தும் போட்டாள்.

அதன்பிறகு தினமும் கூப்பிட்டார். நிலாவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளிடமே கேட்டார். ஒருநாள் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

இரண்டு வாரத்தில் சரிபார்க்கக் கோதண்டபாணி என்ற அதிகாரி வந்தார். அவரும் கண்ணாடிக்காரர். பார்த்தார்; நிலா இருந்தது. பனி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், வெறுங்கண்ணுக்கு ஏற்றபடி தொலைநோக்கியின் திருகைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். நிலா இல்லை. கண்ணாடியைப் போட்டார், வந்தது. கழற்றினார், போயிற்று.

காபியோடு நின்றவளை ஏறிட்டார். "அம்மா கண்ணாடி போடுவீங்களா?"

"இல்லை சார்." காபியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

கோதண்டபாணி யோசித்தார். உண்மையைச் சொன்னால் நிலா மட்டுமா போகும்? கண்ணாடி போடாதவள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள் என்று கணவருக்குப் புரிந்துவிடும். சொல்லாவிட்டால் பொய் நிலா அச்சேறி, ஒருநாள் ஞானாதிக்கம் ஊர் சிரிக்க நிற்பார்.

கோதண்டபாணி சொன்னார். கழற்றிப் போட்டுக் காட்டியே சொன்னார். ஞானாதிக்கம் மனைவியைப் பார்த்தார், அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அதிகாரியிடமிருந்து வாங்கிக் கிழித்தார். மறுநாள் சாயங்காலம் அவளைக் கூப்பிடவில்லை.

பொய் சொன்னவள், உண்மை சொன்னவர், மனைவியிடம் வாயே திறக்காதவர். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

பதில்: அந்த நிலா, தொலைநோக்கியின் கண்ணாடிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே தெறித்த வெள்ளியின் வெளிச்சம். கோதண்டபாணி செய்ததுதான் சரி, அதில் இரண்டு பேச்சில்லை. சொல்லிவிட்டு மறுநாள் மலை இறங்கிப் போகிறவருக்கு அது சுலபமும்கூட. ரெஜினாள் செய்தது தப்பு, தெரிந்தேதான் செய்தாள். ஞானாதிக்கம்? இல்லாத நிலா தனக்கு ஏன் தெரிந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவளுக்கு ஏன் தெரிந்தது என்று கேட்கவே இல்லை. நாற்காலி மட்டும் இன்னும் மேலேயே கிடக்கிறது. எடுத்துவிடு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் இறக்கவில்லை.