மூணுல ரெண்டாவது

அந்த ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் சென்னியப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. மடத்துக்கு வரும்போது சொத்து பத்தையெல்லாம் மகன்களிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு செவலைப் பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். செத்துப்போன மனைவி கன்றிலிருந்து வளர்த்த பசு அது. துறவிக்கு மாடு எதற்கு என்று சிலர் கேலி செய்தார்கள். மடத்து மோரைக் குடித்த பிறகு அந்தக் கேலி நின்றுபோனது.

அந்தப் பசுவைத்தான் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்து நின்றார் சென்னியப்பன்.

குரு திட்டவில்லை. என்ன பந்தயம் என்று மட்டும் கேட்டார்.

"அதுதானுங்க சாமி வெளங்க மாட்டேங்குது."

நோம்பிக்கு அவர் போனது உப்பு வாங்க. அங்கே ரேக்ளா மாட்டுவண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மொத்தம் மூன்று ஓட்டம். வேப்பமரத்தடியில் பொங்கியண்ணன் பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காசைத் தொடாத மனுஷன். ஆடு, மாடு, நெல்லு மூட்டை, இவைதான் அவருக்குப் பந்தயப் பொருள். ஒற்றை வண்டிமேல் கட்டுவதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, சேர்த்துக் கட்டுவதில்தான் ருசி இருக்கிறது என்று சொல்லிச் சென்னியப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

மாலைக்கட்டு என்று ஒன்று இருந்தது. மூன்று ஓட்டத்துக்கும் ஒவ்வொரு வண்டி சொல்ல வேண்டும், மூன்றும் ஜெயிக்க வேண்டும். ஒன்று கவிழ்ந்தாலும் வைத்தது போச்சு. ஜோடிக்கட்டு என்று இன்னொன்று. மூன்று வண்டியையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று ஜோடி வரும், அந்த ஒவ்வொரு ஜோடியும் தனிப் பந்தயம். மூன்று வண்டியில் எப்படி மூன்று ஜோடி வரும் என்று சென்னியப்பன் விரலை மடக்கிப் பார்த்தார். ஒரு தடவை மூன்று வந்தது, அடுத்த தடவை ஒன்றரைதான் வந்தது. அதற்குள் பொங்கியண்ணன் ஏறுகட்டுக்குப் போய்விட்டார். முதல் ஓட்டத்தில் ஜெயித்ததை அப்படியே தூக்கி இரண்டாவது ஓட்டத்தில் வைப்பதாம். அப்படியானால் அதுவும் மாலைக்கட்டும் ஒன்றுதானே என்று கேட்டதற்கு, ஒன்றுதான் ஆனால் வேறே என்று பதில் வந்தது. சென்னியப்பனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. எழுந்து வந்திருக்கலாம். பாதி புரிந்த விஷயத்தை விட்டுவிட்டு வர அந்த மனுஷனுக்கு எந்த வயதிலும் முடிந்ததில்லை.

கடைசியில் பொங்கியண்ணனே இரக்கப்பட்டார்.

"உங்களுக்குச் சுளுவா ஒண்ணு சொல்றனுங்க. மூணுல ரெண்டாவது ஜெயிச்சாப் போதும். பசுவுக்குப் பசு. மத்ததும் வந்துட்டா மேல ஒரு கன்னுக்குட்டி."

சென்னியப்பன் சரியென்று தலையை ஆட்டி, மூன்று வண்டியைச் சொன்னார்.

முதல் ஓட்டத்தில் அவர் சொன்ன வண்டி ஜெயித்தது. இரண்டாவது ஓட்டத்தில் குடைசாய்ந்தது. மூன்றாவதில் மறுபடி ஜெயித்தது. மூன்றுக்கு இரண்டு பழுதில்லை, ஓட்டுங்கள் உங்கள் பசுவை என்றார் சென்னியப்பன். இரண்டாவது தோற்றுவிட்டதே, ஓட்டுங்கள் உங்கள் பசுவை என்றார் பொங்கியண்ணன். குறைந்தது இரண்டு என்று இவர் சொல்ல, நடு ஓட்டம் என்று அவர் சொல்ல, நோம்பிக் கூட்டமே இரண்டாகப் பிரிந்து கத்தித் தீர்த்தது. முடிவு கிடைக்காமல் இருவரும் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் சென்னியப்பன் அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். நாலு எட்டுக்கு ஒரு அர்த்தம் வந்தது, அடுத்த நாலு எட்டுக்கு இன்னொரு அர்த்தம் வந்தது.

குரு பொங்கியண்ணனைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஓட்டம்னு வெளக்கமாச் சொன்னீங்களா?"

"எப்பவும் சொல்றதைத்தானுங்க சொன்னேன். இத்தன வருசத்துல யாரும் திருப்பிக் கேட்டதில்லீங்க."

"பாத்தீங்களா சாமி, அவரு வாயாலயே வந்துருச்சு," என்றார் சென்னியப்பன். இருந்தாலும் உள்ளே பயமாகத்தான் இருந்தது. கட்டுத்தறியில் செவலை தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மனைவி போனபோது வராத அழுகை இப்போது வந்துவிடுமோ என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"நீங்களே சொல்லுங்க சாமி. பசு எனக்கா, அவருக்கா?"

குரு உள்ளே போனார். மூன்று பித்தளைக் குடங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்.

"ஆத்துக்குப் போயி, இந்த மூணுல ரெண்டாவது ரொப்பிட்டு வாங்க."

சென்னியப்பன் சரியென்று குனிந்தார். நடுக்குடத்தில் கை வைத்தார். எடுக்கவில்லை. பக்கத்துக் குடத்தைப் பார்த்தார். ஆற்றிலிருந்து மேட்டில் ஏறுவது அவர் முழங்காலுக்கு ஆகாத காரியம். ஒரு குடம் என்றால் ஒரு நடை. இரண்டு என்றால் இரண்டு நடை. ஒன்றைக் கொண்டுவந்து, போதாது என்று சொல்லிவிட்டால் மறுபடி இறங்க வேண்டும். இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றுதானே சொன்னேன் என்றால் ஒரு ஏற்றம் வீண்.

அவர் நிமிர்ந்தார்.

"சாமி, நடுக்குடம் மட்டுமுங்களா? இல்ல, ரெண்டு கொடமாச்சும் வேணுமுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு அர்த்தம் வருதுங்களே."

"ஒடனே தெரிஞ்சுதா?"

"காதுல விழுந்தவொடனே தெரிஞ்சுதுங்க."

குரு குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"வேப்பமரத்தடியில அவருகிட்ட ஏனுங்க கேக்கல?"

சென்னியப்பன் செவலையைப் பார்த்தார். அங்கேயும் காதில் விழுந்த உடனே தெரிந்ததுதான். கேட்டிருந்தால், இரண்டு அர்த்தத்தில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

கட்டுத்தறிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, பொங்கியண்ணன் கையில் கொடுத்தார்.